உடற்கல்வி பல்கலைக்கழகம் புகுந்த வரலாறு

பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் உடற்கல்விக்கு ஓரிடம் உண்டு. ஆனால் தேர்வு நெருங்குங்கால் முதலில் பறிபோவதும் அந்த இடந்தான். இலக்கணம் கற்பிப்பவர் கற்றவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஓடவும் குதிக்கவும் கற்பிப்பவர் அப்படி என்னதான் கற்றார் என்று கேட்பவரோ பலர். ‘டிரில் மாஸ்டர்’ என்னும் பழைய பெயரில் மதிப்பைவிட ஏளனமே மிகுதி. இந்த ஐயமும் ஏளனமும் தமிழ் நாட்டுக்கோ மலாயாவுக்கோ மட்டும் உரியவை அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த ஒரு வழக்கின் எதிரொலியே அவை. உடலின் பயிற்சி பற்றிய அறிவு பல்கலைக்கழகத்தில் வைத்துப் போற்றத்தக்க கல்வியா, அன்றி வெறும் பழக்கமா என்பதே அவ்வழக்கு.

அவ்வழக்கின் வரலாற்றை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். உடற்கல்வி பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றது பந்தயங்களில் வென்றதனால் அன்று. தன் கூற்றுகளை அளந்து காட்ட முன்வந்ததனால். அதே வரலாறு மற்றோர் உண்மையையும் உணர்த்தும். அளவுகோலை மட்டும் பற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட இடத்தில், பெற்ற இடத்தையும் அது இழக்க நேர்ந்தது.

திடலில் தோன்றிய இரு நெறிகள்

ஜெர்மனியில் ஷ்னெப்பெந்தால் என்னும் ஊர்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த குட்ஸ்மூட்ஸ், இளைஞர் உடற்பயிற்சி பற்றிய தம் நூலை 1793-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பள்ளிக்கல்வியில் உடலுக்கும் முறையான பாடம் வேண்டும் என்று வற்புறுத்திய தொடக்ககால நூல்களுள் அது முதன்மையானது. அவருக்குப்பின் வந்த யான் என்பவர், 1811-ஆம் ஆண்டில் பெர்லின் நகரை அடுத்த ஹாசன்ஹைடே என்னுமிடத்தில் பயிற்சித் திடல் ஒன்றைத் திறந்தார். நெப்போலியனிடம் தோற்றுத் துவண்டிருந்த நாட்டின் இளைஞரை வலிமையுடையோராக்குவதே அவர் நோக்கம். நோக்கத்தில் அரசியல் கலந்திருந்தமையால் அரசுக்கு அச்சம் பிறந்தது. 1820-ஆம் ஆண்டில் பிரஷ்ய அரசு அத்தகைய திடல்களைத் தடை செய்தது. அத்தடை 1842-ஆம் ஆண்டுவரை நீடித்தது.

ஸ்வீடனில் வேறொரு நெறி தோன்றிற்று. லுண்டு பல்கலைக்கழகத்தில் வாட்பயிற்சி ஆசிரியராக இருந்த பெர் ஹென்ரிக் லிங், உடற்கூற்றியலையும் பயின்றவர். அவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் அரசு உடற்பயிற்சி நிறுவனத்தை நிறுவினார். பள்ளிக்குரிய பயிற்சி, படைக்குரிய பயிற்சி, நோய் தீர்க்கும் பயிற்சி என அங்கே கல்வி பகுக்கப்பட்டது. பயிற்சி ஆசிரியர்க்குத் தனிக் கல்வி வேண்டும் என்பதை நிலைநாட்டியது லிங்கின் பெரும்பணி. எலும்பும் தசையும் அறியாதவன் பிறர் உடலைப் பயிற்றலாகாது என்னும் கொள்கை அங்கிருந்தே உலகெங்கும் பரவிற்று.

ஆயினும், லிங்கின் முறையிலும் ஒரு குறை இருந்தது. இன்ன அசைவு இன்ன உறுப்புக்கு நலம் பயக்கும் என்று அவர் வழிவந்தோர் உறுதியாகக் கூறினர். அவ்வாறு பயக்கின்றதா என்று எவரும் அளந்து பார்த்திலர். ஆசான் சொன்னதே சான்றாயிற்று. ஜெர்மானிய நெறியார்க்கும் ஸ்வீடன் நெறியார்க்கும் இடையே நூற்றாண்டு முழுவதும் நடந்த பூசல் தீராமைக்குக் காரணம் இதுவே. இரு தரப்பாரிடமும் நம்பிக்கை இருந்தது, அளவை இல்லை.

அளக்கத் தொடங்கிய மருத்துவர்

முதல் அளவுகோலை எடுத்தவர் ஒரு மருத்துவர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆமர்ஸ்ட் கல்லூரியின் தலைவராக இருந்த ஸ்டேர்ன்ஸ், மாணவர் பலர் படிப்பின் சுமையால் உடல்நலம் குன்றுவதைக் கண்டு கவலையுற்றார். இளவேனிற் பருவந்தோறும் இது வழக்கமாகி வருகிறது என்று கல்லூரி ஆட்சிக் குழுவினரிடம் முறையிட்டார். அதன் பயனாக உடற்பயிற்சிக் கூடம் ஒன்று எழுந்தது. 1861-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹிச்சாக் என்னும் மருத்துவர், உடல்நலவியலுக்கும் உடற்கல்விக்கும் உரிய பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்த பேராசிரியர்களோடு ஒப்ப ஒருவர் உடற்கல்விப் பேராசிரியர் என்னும் பெயருடன் அமர்ந்தது கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

இசைக்கருவியின் தாளத்திற்கேற்ப, மரத்தாலான எடைக்குண்டுகளை ஏந்தி மாணவர் பயிற்சி செய்தனர். ஆனால் ஹிச்சாக்கின் பெரும்பணி அதுவன்று. மாணவர் ஒவ்வொருவருடைய உயரம், எடை, மார்பின் சுற்றளவு, கையின் வலிமை, நுரையீரலின் கொள்ளளவு ஆகியவற்றை அளந்து ஆண்டுதோறும் குறித்துவைத்தார். 1911-ஆம் ஆண்டில் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகள் அவர் அக்கல்லூரியிலேயே பணியாற்றினார். பயிற்சியால் உடலில் யாது விளைந்தது என்னும் கேள்விக்கு, ‘நன்மை விளைந்தது’ என்ற வாய்ச்சொல்லை விடுத்து எண்களால் விடை கூறலாம் என்று அவருடைய ஏடுகள் காட்டின. 1885-ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கல்வியாளர் ஒருங்கு கூடிச் சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே.

ஹார்வர்டில் தளிர்த்ததும் உதிர்ந்ததும்

ஹிச்சாக் வகுத்த வழியில் மேலும் நடந்தவர் டட்லி சார்ஜெண்ட். இளமையில் சர்க்கஸ் கூடாரத்தில் வித்தை செய்தவர். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1879-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சிக் கூடத்திற்குப் பொறுப்பேற்றார். ஒவ்வொரு மாணவனையும் முதலில் அளந்து, அவன் உடலின் தேவைக்கேற்பப் பயிற்சி வகுத்தார். கப்பியும் கயிறும் எடையும் கொண்ட கருவிகள் பலவற்றை அவரே அமைத்தார். 1887-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய கோடைகால வகுப்பிற்குப் பல பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர் வந்து பயின்றனர்.

1889-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் உடற்பயிற்சி பற்றிய மாநாடு ஒன்று கூடிற்று. ஜெர்மானிய முறையா, ஸ்வீடன் முறையா, பள்ளிக்கு ஏற்றது எது என்பதே பேச்சு. ஒரே முறையைக் கட்டிக்கொண்டு அழவேண்டுவதில்லை, ஒவ்வொன்றின் நலத்தையும் கொள்க என்பது சார்ஜெண்டின் கொள்கை.

இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1891-ஆம் ஆண்டில், ஹார்வர்டின் அறிவியற் பள்ளியில் உடற்கூற்றியல், உடலியல், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் இணைத்து நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒன்று ஏற்பட்டது. அதற்குப் பொறுப்பாயிருந்த ஜார்ஜ் வெல்ஸ் ஃபிட்ஸ், பயிற்சியின் விளைவுகளை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். பயிற்சி முறை எதுவாயினும் அது ஆய்வுக்கூடத்தில் தேறவேண்டும் என்பது அவர் கருத்து. இன்று உடற்பயிற்சி அறிவியல் என்று வழங்கும் கல்வியின் வித்து அங்கே இருந்தது எனலாம். ஆனால் 1899-ஆம் ஆண்டில் ஃபிட்ஸ் விலகினார். நூற்றாண்டு முடிவதற்குள் அப்படிப்பும் தன் உருவை இழந்தது. பயின்று வெளிவந்தவரோ மிகச் சிலர். வித்து நல்லதாயினும் நிலம் பக்குவப்படவில்லை.

பெண்கள் ஏந்திய விளக்கு

இங்கிலாந்தில் இக்கல்வியை வளர்த்தவர் பெண்கள். ஸ்டாக்ஹோம் நிறுவனத்தில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பர்க் என்னும் ஸ்வீடன் நாட்டு அம்மையார், இலண்டன் பள்ளிக் கழகத்தில் பணியாற்றியபின், 1885-ஆம் ஆண்டில் ஹாம்ஸ்டெட் என்னுமிடத்தில் பெண்களுக்கான உடற்கல்வி ஆசிரியக் கல்லூரியைத் தொடங்கினார். 1895-ஆம் ஆண்டில் அது டார்ட்ஃபோர்டுக்கு மாறிற்று. உடற்கூற்றியல், உடலியல், நலவியல் ஆகியவற்றோடு விளையாட்டுகளும் அங்கே பாடமாயின. பெண்ணின் உடல் மெலிந்திருத்தலே அழகு என்று மதித்த காலத்தில், உடலறிவும் உடல்வலிமையும் உடைய பெண்ணாசிரியர் ஒரு தலைமுறையையே அவர் உருவாக்கினார். ஆடவர்க்கென லீட்ஸ் நகரில் கார்னகி கல்லூரி திறக்கப்பட்டது 1933-ஆம் ஆண்டில்தான். பட்டப்படிப்பில் உடற்கல்விக்கு இடமளித்த முதல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் பர்மிங்காம், ஆண்டு 1946. அம்மையார் கல்லூரி தொடங்கியதிலிருந்து பல்கலைக்கழகக் கதவு திறக்க அறுபத்தோராண்டு பிடித்தது.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சென்னைக்கு

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி, இவ்வரலாற்றில் தமிழர்க்கு நெருக்கமானது. 1891-ஆம் ஆண்டு இறுதியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தைப் புனைந்தது அங்கேதான். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழ் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. ஒரு பாடத்திற்கு விடையாகவே ஒரு விளையாட்டு பிறந்தது.

அப்பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் 1919-ஆம் ஆண்டில் இந்தியா வந்து, 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது அது. அந்நாளில் பல பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது படையிலிருந்து ஓய்வு பெற்றவர் நடத்திய அணிவகுப்பே. கட்டளைக்குப் பிள்ளைகள் கையை நீட்டினர், மடக்கினர். ஏன் என்று அவர்களும் கேட்டிலர், கட்டளையிட்டவரும் அறிந்திலர். அந்த இடத்தில் கல்லூரியில் பயின்ற ஆசிரியரை நிறுத்தியதே சென்னைக் கல்லூரியின் சாதனை. உடலின் அமைப்பையும் குழந்தையின் வளர்ச்சியையும் விளையாட்டின் விதிகளையும் கற்றவராக அவர் பள்ளிக்குச் சென்றார்.

1924-ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற இந்தியக் குழுவினருடன் பக்கும் சென்றார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கத்தோடு ஆடப்பட்ட ஆட்டங்கள் பள்ளிகளுக்கிடையே போட்டியாக ஆடப்பட வேண்டுமாயின் எழுதிய விதி இன்றியமையாதது. 1943-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருக்குப்பின் 1957-ஆம் ஆண்டில் குவாலியரில் இலக்குமிபாய் உடற்கல்விக் கல்லூரி தோன்றி மூன்றாண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. ஆசிரியர்ச் சான்றிதழ் என்னும் நிலையிலிருந்து பட்டம் என்னும் நிலைக்கு உடற்கல்வி இந்தியாவில் ஏறிய படி அது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைக்கும் சட்டம் 2004-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று.

மூச்சை அளந்த அறிஞர்

ஹார்வர்டில் உதிர்ந்த தளிர் மீண்டும் துளிர்த்தது டென்மார்க்கில். கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1909-ஆம் ஆண்டில் உடற்பயிற்சிக் கோட்பாட்டைப் பாடமாக ஏற்று, ஜொஹானஸ் லிண்ட்ஹார்டு என்னும் மருத்துவரை அதற்கு ஆசிரியராக்கிற்று. அவர் ஆகஸ்ட் குரோக் என்னும் உடலியல் அறிஞருடன் சேர்ந்து, உழைப்பைத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே மூச்சும் குருதியோட்டமும் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராய்ந்து 1913-ஆம் ஆண்டில் வெளியிட்டார். குரோக் 1920-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்றார்.

இங்கிலாந்தில் ஏ.வி. ஹில், தசை உழைக்கும்போது வெப்பம் எழுவதை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசை மேயர்ஹாஃபுடன் பகிர்ந்துகொண்டார். அவர் தாமே ஓட்டக்காரர். மூச்சுக்காற்றைச் சேர்க்கும் பையை முதுகில் கட்டிக்கொண்டு, புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். வெளிவிட்ட காற்றைப் பகுத்துப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. வேகம் கூடக்கூட உடல் ஏற்கும் பிராணவாயுவும் கூடுகிறது. ஆனால் ஓர் எல்லைக்குமேல் எவ்வளவு விரைந்து ஓடினும் அது கூடுவதில்லை. அவ்வெல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவனுடைய தாங்குதிறனுக்கு அது முதன்மையான அளவுகோலாக இன்றும் விளங்குகிறது.

1927-ஆம் ஆண்டில் ஹார்வர்டின் வணிகவியற் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில் களைப்பு ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளி ஏன் களைக்கிறான், மலையுச்சியில் மூச்சு ஏன் திணறுகிறது, நெடுந்தொலை ஓட்டக்காரனுடைய உடல் பிறர் உடலினின்று எவ்வாறு வேறுபடுகிறது என்பன அங்கே ஆராயப்பட்டன. நின்ற இடத்திலேயே ஓடச் செய்யும் சுழற்பட்டை இயந்திரமும், 1935-ஆம் ஆண்டில் சிலி நாட்டு மலைகளுக்குச் சென்ற ஆய்வுப் பயணமும் அதன் புகழுக்குக் காரணமாயின.

இரண்டாம் உலகப்போரின்போது அவ்வாய்வுக்கூடத்தார் அமைத்த படிச் சோதனை, எளிய பள்ளிக்கும் எட்டுவது. இருபது அங்குல உயரமுள்ள படியில் நிமிடத்திற்கு முப்பது முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்கவேண்டும். பின்னர் அமர்ந்து, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் கழிந்ததும் ஒவ்வொரு முறையும் அரை நிமிட நேரம் நாடித்துடிப்பை எண்ணவேண்டும். மூன்றையும் கூட்டி இரட்டித்து, உழைத்த வினாடிகளை நூறால் பெருக்கி வந்த தொகையை அதனால் வகுக்கவேண்டும். ஒருவன் முழு ஐந்து நிமிடமும் ஏறி, துடிப்புகள் 75, 60, 50 என எண்ணப்பட்டால் கூட்டுத்தொகை 185, இரட்டித்தால் 370. முப்பதாயிரத்தை 370-ஆல் வகுக்க 81 வரும். எண்பதைத் தாண்டியது நல்ல நிலை. ஐம்பத்தைந்துக்குக் கீழாயின் மெலிவு. இச்சோதனை வளர்ந்த ஆடவர்க்கென வகுக்கப்பட்டது. சிறுவர்க்குப் படியின் உயரத்தைக் குறைத்தல் வேண்டும். ஒரு படியும் ஒரு கடிகாரமும் கணக்கறிந்த ஆசிரியர் ஒருவரும் இருந்தால் போதும். உடலின் நிலை எண்ணாக வெளிப்பட்டுவிடுகிறது.

லிங் நிறுவிய ஸ்டாக்ஹோம் நிறுவனத்திற்கே 1941-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் மரபில் வந்த கிறிஸ்டென்சன் உடலியல் பேராசிரியராகச் சென்றார். அவர் மாணவரான ஓஸ்ட்ராண்ட் உலகறிந்த உழைப்பியல் அறிஞரானார். நம்பிக்கையின் மேல் எழுந்த நிறுவனம், நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் ஆய்வின் வீடாயிற்று.

இதன் பயன் திடலோடு நிற்கவில்லை. 1953-ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் இலண்டன் மாடிப் பேருந்துத் தொழிலாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநர்க்கு இதயநோய் குறைவு என்று அது காட்டிற்று. உடலசைவு என்பது மாணவர்க்கு மட்டுமன்று, உழைத்துண்ணும் அனைவர்க்கும் உயிர்க்காப்பு என்பது இதனால் தெளிவாயிற்று.

1963-ஆம் ஆண்டின் தாக்குதல்

இத்துணைச் சான்றுகள் சேர்ந்தபின்னும் வழக்கு முடியவில்லை. ஹார்வர்டின் தலைவராக 1933 முதல் 1953 வரை இருந்த ஜேம்ஸ் கோனண்ட், அமெரிக்க ஆசிரியர் கல்வி பற்றி 1963-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், உடற்கல்வியின் உயர்பட்டப் படிப்புகளைக் கடுமையாகச் சாடினார். பல்கலைக்கழகங்கள் அவற்றை நீக்கிவிடலாம் என்றும் கூறினார். களைப்பு ஆய்வுக்கூடம் 1947-ஆம் ஆண்டில் மூடப்பட்டதும் அவர் தலைமைக் காலத்திலேதான் என்பது நினைவுகூரத்தக்கது.

அதற்கு விடையிறுத்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பிராங்க்ளின் ஹென்றி. 1964-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, உடற்கல்வியை ஒரு தனி அறிவுத்துறையாக வரையறுத்தது. பிற துறைகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது அன்று இது; மனிதன் அசைவதையும் உழைப்பதையும் திறன் பெறுவதையும் நடுவில் வைத்து, உடலியல், உளவியல், வரலாறு, சமூகவியல் ஆகியவற்றை அதன்பொருட்டு ஒழுங்குபடுத்திய அறிவே இது என்பது அவர் வாதம். உடலியலார்க்கு ஓரத்தில் கிடக்கும் கேள்வி, உடற்கல்வியார்க்கு நடுவில் நிற்கும் கேள்வி.

அவ்வாதம் வென்றது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1967-ஆம் ஆண்டில் உடலியக்கவியல் என்னும் பெயரோடு தனித்துறை ஏற்பட்டது. உடற்பயிற்சி அறிவியல், விளையாட்டு அறிவியல் என்று பல பெயர்களில் துறைகள் பெருகின. பெர்க்லியின் உடற்கல்வித் துறையிலேயே பணியாற்றிய ஜார்ஜ் புரூக்ஸ், களைப்பைத் தரும் கழிவு என்று நெடுங்காலம் கருதப்பட்ட லாக்டிக் அமிலப்பொருள் உண்மையில் தசைக்கும் இதயத்திற்கும் எரிபொருளாகப் பயன்படுகிறது என்று 1980-களில் எடுத்துரைத்தார். நோபெல் பரிசு பெற்றோர் காலத்துக் கருத்தையே திருத்தும் ஆற்றல் இத்துறைக்கு வந்துவிட்டது.

ஆனால் வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அறிவியல் என்னும் பெயரை நாடிய துறைகள் பல, ஆசிரியர் பயிற்சியை இரண்டாம் இடத்திற்குத் தள்ளின. பெர்க்லியின் துறை பழம்பெயரைக் கைவிட்டு, மனித உயிரியக்கவியல் என்று பெயர் பூண்டது. 1990-களின் இறுதியில் தனித்துறையாக நில்லாமல் உயிரியலோடு கலந்துவிட்டது. ஆய்வு மட்டுமே பணியாயின், அதனை உயிரியல் துறையே செய்யலாமே என்னும் கேள்விக்கு வலுவான விடை இல்லாமற் போயிற்று. பள்ளிக்கூடமே அதன் தனி உரிமை. அதனை நெகிழவிட்டபின் வேலி இல்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்

சிங்கப்பூரில் 1984-ஆம் ஆண்டில் உடற்கல்விக் கல்லூரி தோன்றியது. 1991-ஆம் ஆண்டில் அது கல்விக் கழகத்தோடு இணைந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகிய தேசியக் கல்விக் கழகம் உருவாயிற்று. ஆய்வும் ஆசிரியர் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நின்றன. மலேசியாவில் தஞ்சோங் மாலிம் நகரத்துச் சுல்தான் இத்ரிஸ் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1922-ஆம் ஆண்டில் தோன்றி, 1997-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுவிப்புக்கும் உரிய புலம் இன்று அங்கு உண்டு. இவ்விரண்டும் பள்ளியோடு பிறந்தவை. ஆதலின் பள்ளியை மறத்தல் எளிதன்று.

இத்தகைய படிப்பில் சேரும் மாணவர், ஓடவும் எறியவும் மட்டும் கற்பதில்லை. எலும்பும் தசையும், குருதியோட்டமும் மூச்சும், நெம்புகோல் விதியால் கைகால் அசையும் முறையும், திறன் பழகும்போது உள்ளம் இயங்கும் வழியும், வளரும் குழந்தையின் உடல் தாங்கும் சுமையின் அளவும் அவர்க்குப் பாடம். இவற்றைக் கற்றவர், பத்து வயதுப் பிள்ளையை வெயிலில் நிற்கவைத்துத் தண்டிப்பதைப் பயிற்சி என்று கொள்ளார். ஓட்டத்தில் கடைசியாக வரும் சிறுமியைச் சோம்பேறி என்னாமல், அவள் நாடியை எண்ணிப் பார்ப்பார்.

ஹிச்சாக்கின் அளவுநாடாவும் ஹில்லின் மூச்சுப்பையும் படைத்த கல்வியின் முடிந்த பயன், அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் ஆசிரியரிடந்தான் இருக்கிறது. அவரைக் கற்றவர் என்று மதிக்கும் பள்ளியில், தேர்வுக் காலத்திலும் உடற்கல்வி நேரம் பறிபோகாது.